பகுபதமும் பல்சக்கரப் பெட்டியும்

'வந்தனன் என்னும் சொல்லைப் பகுத்து உறுப்பிலக்கணம் தருக' என்பது நம் துறை வகுப்புகளில் ஆண்டு தவறாமல் கேட்கப்பெறும் வினா. பவணந்தியார் கூறும் ஆறு உறுப்புகளும் அவ்வொரு சொல்லிலேயே அமைந்து கிடப்பதால் ஆசிரியர்களுக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. 'வா' என்னும் பகுதி 'வ' எனக் குறுகி நிற்கும். சந்தியாக வந்த தகரமெய் நகரமெய்யாகத் திரிந்திருக்கும். இறந்தகாலம் காட்டும் தகரமெய் ஒன்று. சாரியையாக ஓர் 'அன்'. விகுதியாக மற்றோர் 'அன்'. இரண்டு 'அன்'களில் எது சாரியை, எது விகுதி என்று கேட்டால் வகுப்பு விழிக்கும். உருவம் ஒன்றாயினும் நிற்கும் இடத்தால் தொழில் வேறுபடும் என்று விளக்குவோம். எம்.பில். பட்டத்திற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருளும் வினைச்சொல் அமைப்பே ஆதலின், இருபது ஆண்டுகளாக இவ்விளக்கத்தைச் சலிப்பின்றிச் சொல்லி வருகிறோம்.

இவ்விலக்கணத்தை வேறோர் இடத்தில், கரிய எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு கூரையின்கீழ், மூன்று நாள் கண்ணெதிரே கண்டோம். பகுக்கப்பட்டது சொல் அன்று; மகிழுந்தின் அடிவயிற்றில் அமைந்த தானியங்கிப் பல்சக்கரப் பெட்டி. வேலை செய்வோர் அதனை 'ஆட்டோமேட்டிக் கியர்' என்பர். இனி யாமும் கியர் என்றே எழுதுவோம். தமிழ்த்துறை மலரில் இது தகுமா என்று புருவம் உயர்த்துவோர்க்கு விடை பின்னர் வரும்.

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஷார்ஜா சென்றிருந்தோம். எம் சாச்சியின் மகன், முறையில் எமக்குத் தம்பி, அந்நகரின் தொழிற்பேட்டையில் ஒரு கராஜில் கியர் வேலை பார்க்கிறார். தம் வாப்பா மறைந்ததும் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இராமநாதபுரத்தில் ஒரு லாரிப் பட்டறையில் சில ஆண்டுகள் கைப்பழக்கம் பெற்று, 2006இல் கடல் கடந்தார். அவர்தம் மூத்த மகன் இப்போது உயர்நிலை வகுப்பில் படிக்கிறான். அவன் பள்ளி விண்ணப்பத்தில், தந்தையின் தொழில் என்னும் இடத்தில் 'வெளிநாடு' என்று எழுதியிருந்ததைக் கண்டோம். அவன் மட்டுமோ? நம் கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களிலும் ஆண்டுதோறும் இச்சொல்லைக் காண்கிறோம். வெளிநாடு என்பது இடப்பெயர்; தொழிற்பெயர் ஆகாது. ஆயினும், தந்தையார் அங்கே நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்பதை அறியாத பிள்ளை வேறு எதைத்தான் எழுதுவான்? யாமும் அதனை அறிந்திருக்கவில்லை. விமான நிலையத்திற்கு வந்து வெள்ளைச் சட்டையோடு எம்மை அழைத்துச் சென்ற தம்பியிடம், மறுநாள் அவர் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றோம். "அங்க என்ன காக்கா இருக்கு, ஒரே அழுக்கு" என்று இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை இசைந்தார்.

அன்று கராஜில் நின்றது அமெரிக்க வண்டி ஒன்று. வண்டியின் பெயரை விட்டுவிடுவோம். சொன்னால் விளம்பரமாகவோ பழியாகவோ முடியும். முன்னோக்கி நான்கு வேகங்களும் பின்னோக்கி ஒன்றும் உடைய பழைய வகைப் பெட்டி அதிலிருந்தது. அதன் உரிமையாளர் பெஷாவர்க்காரர். விழாக்களுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர்; அவற்றை இழுவண்டியில் ஏற்றி இவ்வண்டியின் பின்னே கட்டி இழுப்பார். நான்கு மாதங்களுக்கு முன் வேறோரிடத்தில் பெரும்பணம் கொடுத்துப் பெட்டியைப் பிரித்துச் செப்பனிட்டிருந்தார். இப்போது மீண்டும் வண்டி நகரவில்லை. இன்னொரு முறை ஏமாறினால் வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டுத் தொழிலையே மூடவேண்டியதுதான் என்று உருதுவில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கராஜ் முதலாளிக்கோ, பழைய பொருள் சந்தையிலிருந்து ஒரு பெட்டியை வாங்கி மாட்டி அனுப்பிவிட விருப்பம். அது விரைவு, ஊதியமும் மிகுதி. தம்பிதான் பிரித்துப் பார்க்கலாம் என்றார். அவ்வாறு சொல்வதில் ஓர் இடர் உண்டு. செப்பனிட்ட பெட்டி மூன்று மாதத்திற்குள் திரும்பி வந்தால் மறுபடியும் பிரித்துப் பூட்டும் நாள்களுக்குத் தம்பிக்குக் கூலி கிடையாது. அக்கடையின் வழக்கம் அது.

இப்பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சிறிது கூறவேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டியில், இயந்திரத்தையும் சக்கரங்களையும் இணைக்கவும் பிரிக்கவும் ஓட்டுநர் காலால் கிளட்சை அழுத்துகிறார். தானியங்கிப் பெட்டியில் அவ்விணைப்பை எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்றால் மற்றதும் மெல்லச் சுழலும் அன்றோ? காற்றுக்கு மாறாக எண்ணெயும், விசிறிகளுக்கு மாறாக ஒரே மூடிய உருண்டைக்குள் எதிரெதிரே அமைந்த இரண்டு இறகுச் சக்கரங்களும் எனக் கொண்டால் அதுவே கன்வெர்ட்டர். இடையில் மூன்றாவதாக ஒரு சிறு இறகுச் சக்கரம் நின்று, திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி அதன் விசையைப் பெருக்கித் தரும். இதன் மூலக் கருத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்னும் ஜெர்மானியர். அவர் கருதியது மகிழுந்தை அன்று. கப்பலின் நீராவிச் சுழலியை உந்துவிசிறியோடு இணைப்பதை. மகிழுந்துக்குப் பேரளவில் செய்து விற்கப்பட்ட முதல் முழுத்தானியங்கிப் பெட்டி, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் அறிவித்த ஹைட்ராமேட்டிக். ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் அது 1940 வரிசையிலிருந்து பொருத்தப்பட்டது.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பதே வியப்புக்குரிய பகுதி. நடுவில் ஒரு பல்சக்கரம். அதனைச் சுற்றி உருளும் சிறு சக்கரங்கள். அவற்றை வெளியே தழுவி நிற்கும் உட்பல் வளையம். நடுச்சக்கரத்தைச் சூரியன் என்றும், சுற்றுவனவற்றைக் கோள்கள் என்றும் இத்தொழிலில் வழங்குவர். இம்மூன்றும் எப்போதும் பல்லோடு பல் கோத்தே இருக்கும். கியர் மாறும்போது எதுவும் விலகிப் பிரிவதில்லை. எதனைப் பிடித்து நிறுத்துகிறோம், எதனைச் சுழற்றுகிறோம் என்பது மட்டுமே மாறும். ஒன்றைப் பிடித்து ஒன்றைச் சுழற்றினால் மூன்றாவதின் வழியே வேகம் குறைந்தோ மிகுந்தோ திசை மாறியோ வெளிவரும். எதனையும் பிடிக்காவிட்டால் எல்லாம் வீணே சுழலும், அது நியூட்ரல். எவையேனும் இரண்டை ஒன்றாகப் பூட்டிவிட்டால் தொகுதி முழுவதும் ஒரே கட்டியாகச் சுழலும். அன்று பார்த்த பெட்டியில் இத்தகைய தொகுதிகள் இரண்டு இருந்தன. முதற்கியரில் இயந்திரம் 3.06 சுற்று சுற்றினால் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டில் 1.63, மூன்றில் ஒன்றுக்கு ஒன்று, நான்கில் 0.70. இத்தனையும் அதே சக்கரங்களால்! பிடிக்கும் இடம் மாறப் பொருள் மாறும் இவ்வமைப்பைக் கண்டபோது அந்த இரண்டு 'அன்'களும் நினைவுக்கு வந்தன என்றால் மாணவர்கள் சிரிப்பர், சிரிக்கட்டும்.

பெட்டியைத் தொடுவதற்கு முன்பே தம்பி நோயைக் கண்டுவிட்டார். பெஷாவர்க்காரரிடம் நான்கைந்து வினாக்கள் கேட்டார். வண்டியைத் தூக்கியில் ஏற்றிச் சக்கரங்கள் அந்தரத்தில் சுழலுமாறு ஓட்டிப் பார்த்தார். பின்னர் எம்மிடம், "காக்கா, ஒண்ணு இருக்கு, மூணு இருக்கு. ரெண்டு இல்ல, நாலு இல்ல, ரிவர்ஸும் இல்ல. அப்ப ஷெல்லுதான்" என்றார். எப்படி என்று கேட்டோம். தம் இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து நீட்டினார். நீலமை, கோணலான ஆனால் பிழை குறைந்த தமிழ். முதற்பக்கத்தில் இருந்தவை இவை:

"ரெண்டு இல்லை, நாலு இல்லை, ரிவர்ஸ் இருக்கு – பேண்டு. ரெண்டு, நாலு, ரிவர்ஸ் மூணும் இல்லை – ஷெல். மூணும் நாலும் இல்லை – த்ரீ ஃபோர் கிளட்ச். டிரைவில் நகராது, ரிவர்ஸ் போகும், லோவில் போட்டால் நகரும் – ஸ்ப்ராக்."

படித்ததும் சற்று நேரம் பேசாதிருந்தோம். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. பின்தொகுதியின் சூரியச் சக்கரத்தோடு பல் கோத்து இணைந்திருக்கும் கிண்ணம் போன்ற தகட்டு உறையே ஷெல். இரண்டிலும் நான்கிலும் பேண்டு என்னும் பட்டை வெளியிலுள்ள டிரம்மை இறுகப் பிடிக்கும். அப்பிடி ஷெல் வழியாகவே சூரியச் சக்கரத்தைச் சென்றடையும். ரிவர்ஸில் பேண்டுக்கு வேலை இல்லை. ஆயினும் இயந்திரத்தின் சுழற்சி அதே ஷெல் வழியாகத்தான் உள்ளே செல்லவேண்டும். ஆகவே இரண்டும் நான்கும் மட்டும் போனால் குற்றம் பேண்டினுடையது. ரிவர்ஸும் சேர்ந்து போனால், மூன்றுக்கும் பொதுவான உறுப்பைத் தேடவேண்டும். அப்படி நிற்பது ஷெல் ஒன்றே. இல்லாதவற்றைக் கொண்டு இருப்பதை அறியும் இம்முறையை அளவை நூலார் கண்டால் மகிழ்வர். தம்பிக்கு அளவை நூல் தெரியாது. ஓராண்டில் எத்தனை பெட்டி தவறாகத் திறந்தால் எத்தனை நாள் கூலி போகும் என்பது தெரியும்.

பெட்டியைக் கழற்றி இறக்கினர். அறுபது கிலோவுக்கு மேல் எடை. அடித்தட்டைத் திறந்து எண்ணெயை வடித்தபோது, சிவப்பாய் இருக்கவேண்டியது காப்பிக் கசண்டு போல் வந்தது. கருகல் நாற்றம் வேறு. தட்டிலிருந்த காந்தத்தில் இரும்புத்துகள் மயிர்போல் சிலிர்த்து நின்றது. அடுத்து வால்வ் பாடி. புழு அரித்த மரத்தைப்போல் வளைந்து வளைந்து ஓடும் எண்ணெய் வழிகளைக் கொண்ட பலகை அது. எந்தக் கிளட்சுக்கு எப்போது எண்ணெய் செல்லவேண்டும் என்பது அவ்வழிகளில்தான் முடிவாகிறது. வழிகளினூடே ஏழெட்டு எஃகுக் குண்டுகள் கிடந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்று. ஒவ்வொன்றும் தனக்குரிய குழியில் மட்டுமே கிடக்கவேண்டும். ஒன்று இடம் மாறினாலும் கியர் பிழையாக விழும். தம்பி அவற்றை எடுப்பதற்குமுன் ஒரு துணியில் அவ்வழிகளின் வடிவைக் கரியால் வரைந்து, குண்டுகளை அதே இடங்களில் அடுக்கினார். பின்னர்ப் பம்ப், டிரம்கள், முன்தொகுதி என ஒவ்வொன்றாக வெளிவந்தன. கழற்றிய வரிசையிலேயே மேசைமேல் இடமிருந்து வலமாக வைத்தார். நம் மாணவர்கள் கூட்டல் குறியிட்டு உறுப்புகளைப் பிரித்தெழுதும் தாள் அம்மேசை!

ஷெல் வெளிவந்தது. நடுக்கழுத்து வட்டமாக வெட்டுண்டு, சூரியச் சக்கரத்தைப் பற்றவேண்டிய பகுதி தனியே சுழன்றது. தம்பி எம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது பெஷாவர்க்காரர்தான். வெட்டுண்ட தகட்டைக் கையில் வாங்கி, விரலால் தடவி, "உஸ்தாத்" என்றார்.

வடபுலத்துப் பட்டறைகளில் தலைமைத் தொழிலாளியை அழைக்கும் சொல் அது. எம் ஊர்ப் பக்கத்திலோ, ஓதிக்கொடுக்கும் ஆசிரியரையே உஸ்தாத் என்போம். பாரசீகத்திலிருந்து புறப்பட்ட ஒரே சொல் இரண்டு வழியில் வந்து அந்தத் தகர மேசையருகே சந்தித்தது. எம்மை அங்கே யாரும் அப்படி அழைக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறோம்.

குற்றம் தெரிந்துவிட்டது, ஷெல்லை மாற்றிப் பூட்டிவிடலாமே என்றோம். தம்பி தலையசைத்தார். நான்கு மாதங்களுக்கு முன் போட்ட கிளட்ச் தட்டுகள் ஏன் கருகின என்பதற்கு ஷெல் விடையாகாது என்றார். அத்தட்டுகளை எம் கையில் கொடுத்தார். எஃகு வட்டின் இருபுறமும் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் பொருள் காகித வகையைச் சேர்ந்தது என்று அவர் சொல்லவே, நம்பாமல் நகத்தால் கீறிப் பார்த்தோம். காகிதமேதான். காலமெல்லாம் காகிதத்தோடு பழகியும், இரண்டு டன் வண்டியைக் காகிதம் இழுக்கும் என்று யாம் எண்ணியதில்லை. எண்ணெயில் நனைந்து இறுகப் பற்றினால் அது பல்லாண்டு உழைக்கும். அழுத்தம் குறைந்து வழுக்கினாலோ சில நொடிகளில் கருகும். வெப்பமே இப்பெட்டியின் முதற்பகை. அதனால்தான் எண்ணெயைக் குழாய் வழியாக வண்டியின் முன்புறம் கொண்டுசென்று குளிர்விக்கும் கூலர் ஒன்று உண்டு. நோட்டின் ஏழாம் பக்கம் இவ்வாறு கூறுகிறது: "ஆயில் கருப்பு, கருகல் வாடை – பெட்டியைத் திறக்கும் முன் கூலரைத் திற." திறந்தார். முன்னைய உடைசலின் துகள்கள் அதன் நுண்குழாய்களில் அடைத்துக் கிடந்தன. பெட்டியைப் புதுக்கியவர்கள் கூலரைக் கழுவவில்லை. பெட்டிக்குள் சென்ற எண்ணெய் முதல் நாளிலிருந்தே சூடும் அழுக்கும் சுமந்துதான் சென்றிருக்கிறது. ஷெல்லை மட்டும் மாற்றியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். தம்பியின் மூன்று மாதக் கணக்கு முடியுமுன் திரும்பியும் வந்திருக்கும்.

மறுநாள் பூட்டும் வேலை. புதிய தட்டுகளை அரைமணி நேரத்திற்கு மேல் எண்ணெயில் ஊறவைத்தனர். ரிங்குகளும் குண்டுகளும் நழுவாமலிருக்க வாசலின் தடவினர். கிரீசு தடவினால் அது எண்ணெயில் கரையாது, வழியை அடைக்கும். தட்டுக்கும் தட்டுக்கும் விடும் மொத்த இடைவெளி மிகச் சிறியது. ஒவ்வொரு டிரம்மையும் பூட்டியபின் எண்ணெய்த் துளையில் அழுத்தக் காற்றைச் செலுத்திச் சோதிக்கவேண்டும். உள்ளே கிளட்ச் பிடித்தால் 'தட்' என்று ஓசை எழும். கசிந்தால் சீறல் கேட்கும். தம்பி அப்போது குனிந்து இடக்கையை டிரம்மின்மேல் பதித்துக்கொண்டார். ஓசையைக் கேட்பதற்குக் கை எதற்கு என்று கேட்டபோதுதான் சொன்னார்: இடச்செவி மங்கி ஐந்து ஆண்டாகிறது, வலச்செவியும் குறைகிறது, காற்றுத் துப்பாக்கிகளின் இரைச்சல். வீட்டில் சொல்லவில்லை. "உம்மாகிட்ட சொல்லிடாதீங்க காக்கா" என்றார். சென்ற ரமலானில் அவரே சாச்சியிடம் சொல்லிவிட்டபடியால் இதனை இங்கு எழுதுகிறோம்.

கன்வெர்ட்டரைப் பெட்டியோடு சேர்ப்பது இறுதிப் படி. அதனைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளும்போது மூன்று முறை 'டக்' என்று இறங்கவேண்டும்: பெட்டியின் உள்தண்டுக்கு ஒன்று, நடு இறகுச்சக்கரத்தின் தண்டுக்கு ஒன்று, பம்புக்கு ஒன்று. இரண்டோடு நிறுத்தி வண்டியில் பூட்டி இறுக்கினால் பம்ப் நொறுங்கும். முந்நாள் உழைப்பும் அக்கணமே பாழ். பட்டறை முழுதும் இரைச்சல். தம்பி கண்ணை மூடிக்கொண்டார். விரல்களால் எண்ணினார். மூன்றாவது இறக்கம் மிகச் சிறியது. யாம் கேட்கவே இல்லை. அவர் 'ஆச்சு' என்றார். பின் ஓர் அளவுகோலை வைத்து ஆழத்தையும் அளந்துகொண்டார். கையை நம்பினார், கையை மட்டும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் மாலை, இழுவண்டியையும் பின்னே கட்டிக்கொண்டு தைத் செல்லும் சாலையில் ஓட்டிப் பார்த்தனர். யாம் பின்னிருக்கையில் இருந்தோம். பெஷாவர்க்காரர் ஒரு சொல்லும் பேசாமல் சாலையையே பார்த்திருந்தார். தம்பி ஒரு கையைச் சக்கரத்திலும் மறுகையைக் கியர் தண்டின் அடியிலும் வைத்திருந்தார். ஒன்று, இரண்டு விழுந்ததை உடல் உணர்ந்தது. மூன்று. நான்காவது விழுந்தபோது இயந்திரத்தின் குரல் தாழ்ந்தது. சாலையோர மணல்வெளியில் நிறுத்தி ரிவர்ஸில் போட்டார். வண்டி ஒரு நொடி தயங்கி, இழுவண்டியோடு பின்னோக்கி நகர்ந்தது. பெஷாவர்க்காரர் இறங்கி நின்று சிரித்தார். அவ்வண்டி மூன்று மாதத்திற்குள் திரும்பி வரவில்லை. அதன்பின் வந்தது எண்ணெய் மாற்றுவதற்காக என்று தம்பி தொலைபேசியில் கூறினார்.

நோட்டைத் தட்டச்சு செய்து தருமாறு அவர் கேட்டிருக்கிறார். ஆறு, எட்டு, பத்து வேகப் பெட்டிகள் வந்துவிட்டன. மின்சார மகிழுந்துகளில் பெரும்பாலானவற்றில் இத்தகைய பெட்டியே இல்லை. ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. தம்பியிடம் வேலை கற்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் இருவர் தமிழ் மட்டுமே படிப்பர். ஷெல்லுக்கு 'இணைப்புறை' என்றும், கன்வெர்ட்டருக்கு 'முறுக்குவிசை மாற்றி' என்றும் எழுதலாமா என்று கேட்டோம். பாடநூலுக்கு அச்சொற்கள் வேண்டும். அவற்றைப் படைப்போரை யாம் மதிக்கிறோம். தம்பியோ, "ஷெல்ல ஷெல்லுன்னே எழுதுங்க காக்கா. கடையில போய்க் கேட்டா குடுக்கணும்ல" என்றார். மொழியியலறிஞர் எவரும் மறுக்கவியலாத காரணம் அது. இக்கட்டுரையில் கியர், கியராகவே நின்றதும் அதனாலேதான்.

நோட்டில் நாற்பத்திரண்டு பக்கங்கள். முப்பத்தொன்று முடிந்திருக்கின்றன. முப்பத்திரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்து இரண்டு வரிகள் மறைந்துவிட்டன. அவர் பெருநாளுக்கு ஊர் வரும்போது கேட்டு எழுதவேண்டும். வலப்பக்கமாக அமர்ந்து, சற்று உரக்கக் கேட்கவேண்டும்.